வெளியே போகாத விறகு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நாங்கள் வாழும் வீட்டின் பின்வளவில் ஆஷ் மரங்கள் சில நின்றன. எதிரெதிராய்ப் புறப்படும் கிளைகள், ஒரே காம்பில் இருபுறமும் அமைந்த சிற்றிலைகள், முதிர்ந்த பட்டையில் சாய்சதுரக் கோலம் ஆகியவற்றால் அம்மரத்தை இனங்காணலாம். அவற்றுள் மூன்று இன்று கொட்டகையோரம் விறகாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

அவற்றின் உயிரைக் குடித்தது ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமே உள்ள ஒரு பச்சை வண்டு. கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்ட இவ்வண்டு, 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டிட்ராயிட் நகரை அண்டிய பகுதியிலும், ஆற்றின் இக்கரையிலுள்ள வின்ட்சரிலும் கண்டறியப்பட்டது. கப்பற் சரக்குகளைப் பொதியும் மரச்சட்டங்களில் ஒளிந்து வந்திருக்கலாம் என்பர் அறிஞர். இதன் புழு பட்டைக்கு அடியில் நெளிந்து நெளிந்து அரித்து, மரத்தின் உணவு செல்லும் வழியை அறுத்துவிடுகிறது. சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகிறது. வட அமெரிக்காவில் இவ்வாறு மடிந்த ஆஷ் மரங்கள் கோடிக்கணக்கானவை.

பட்டுப்போன ஆஷ் மரத்தைத் தறிப்பது ஆபத்தான தொழில். அது விரைவில் உலர்ந்து, நொறுங்கும் தன்மை அடைவதால் கிளைகள் திடீரென முறியும். அடிமரம் நெடுக்காகப் பிளந்து தறிப்பவரையே உதைப்பதும் உண்டு. ஆகவே அப்பணியைத் தேர்ந்த தொழிலாளரிடம் ஒப்படைத்தோம். துண்டங்களைப் பிளப்பது எங்கள் பங்காயிற்று.

ஆஷ் மரத்தின் இழை நேராக ஓடுவது. கணுவில்லாத துண்டமாயின் கனத்த கோடரியின் ஓரடியில் இரண்டாகிவிடும். கோடரிப் பிடிகள் செய்யவும் இம்மரம் பயன்படுவதுண்டு. அதிர்ச்சியைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு. பச்சையாக இருக்கும்போதும் இதில் ஈரம் மற்றப் பல மரங்களைவிடக் குறைவு. எனினும் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் புகையின்றி நன்கு எரியும். அதற்காகக் காற்றோட்டமாக அடுக்கி, மேற்புறத்தை மட்டும் மூடி, ஓராண்டு விட்டுவைத்தோம். பிளக்கும்போது பட்டை கழன்ற இடமெல்லாம், புழு அரித்த வளைகோடுகள் எவரோ கிறுக்கிய எழுத்துப்போல் தெரிந்தன.

அடுக்கி முடித்த வாரத்தில் நண்பர் ஒருவர் வந்தார். "அண்ணை, இவ்வளவு விறகு கிடக்குதே! ஒரு வாகனம் நிறைய ஏத்தித் தாங்கோ. வடக்கே எங்கட ஏரிக்கரை வீட்டுக்கு உதவும்" என்றார்.

கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி வளர்ந்தவர்கள் அல்லர் நாங்கள். ஆயினும் மறுக்க வேண்டியதாயிற்று. வெட்டிய விறகினுள்ளும் அப்புழு உயிரோடிருந்து, வேனிலில் வண்டாகி வெளியேறக்கூடும். தன் சிறகால் சிறிது சிறிதாகவே பரவும் வண்டு, மனிதரின் வாகனத்தில் ஏறினால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றரைக் கடந்துவிடும். வண்டு பரவிய பகுதிகளை வரையறுத்து, அனுமதியின்றி அங்கிருந்து விறகை வெளியே கொண்டுசெல்லக் கூடாதென அரசு விதித்திருப்பதும் அதனாலேயே. நண்பரின் ஏரி அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிறது.

"தம்பி, இங்கே வந்து எத்தனை நாளும் குளிர்காயுங்கோ. விறகு மட்டும் இந்த இடத்தைவிட்டுப் போகாது" என்றோம். அவர் முகம் வாடியது.

அவரை வளவின் மூலைக்கு அழைத்துச் சென்று, இன்னும் தழைத்து நிற்கும் ஓர் ஆஷ் மரத்தைக் காட்டினோம். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் அடிமரத்தில் ஒரு மருந்து செலுத்தப்படுகிறது. அது வேப்பங்கொட்டையிலிருந்து எடுக்கப்படுவது. யாழ்ப்பாணத்து முற்றத்தில் நாம் கூட்டித் தள்ளிய அதே வேப்பங்கொட்டை! நண்பர் நெடுநேரம் அந்த மரத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

கடல் கடந்து வண்டும் வந்தது, வேம்பின் மருந்தும் வந்தது, நாங்களும் வந்தோம். வந்த இடத்துக்கு எதைக் கொண்டுசெல்கிறோம், எதைக் கொண்டுசெல்லாது விடுகிறோம் என்பதில் அன்றோ அயலார்மீது நாம் வைத்த அன்பு விளங்குகிறது? அந்த ஏரிக்கரை மரங்களை நாங்கள் கண்டதில்லை. ஆயினும் அவையும் எங்கள் அயலில் நிற்பவையே.

தைமாதக் குளிரில் நண்பர் குடும்பத்தோடு வந்தார். வெறுங்கையுடன் வந்து, நள்ளிரவுவரை எங்கள் அடுப்பருகே இருந்தார்.