சாணி மணக்காத குதிரைக்காரன்

ஹிட்ச்காக்கின் 'தி பாரடைன் கேஸ்' (1947) மறுபடி பார்த்தேன். தயாரிப்பாளர் செல்ஸ்னிக்குடன் போட்ட ஒப்பந்தத்தில் அவர் எடுத்த கடைசிப் படம். காசைக் கொட்டினார்கள், போட்டது திரும்பவில்லை.

*

கண் தெரியாத கர்னல் பாரடைனை யாரோ விஷம் வைத்துக் கொல்கிறார்கள். மனைவி மேல் வழக்கு. வக்கீல் கீன் கட்சிக்காரியிடமே மனதைப் பறிகொடுத்து, பழியைக் கர்னலின் பணியாள் லத்தூர் தலையில் கட்டப் பார்க்கிறார். அவளுக்கோ லத்தூர் மேல்தான் காதல். அவன் தற்கொலை செய்துகொண்டான் என்று தெரிந்ததும், கூண்டில் நின்றபடியே உண்மையைக் கக்கிவிடுகிறாள். (முடிவைச் சொல்லிவிட்டேன். இத்தனை பழைய படத்துக்கு அது பாவமில்லை.)

*

யார் எந்த அறைக்குப் போனார்கள், மதுக் கோப்பையைக் கழுவியது யார் என்று குறுக்கு விசாரணை நீண்டுகொண்டே போகிறது. அந்த வீட்டின் அமைப்பே தனக்குப் பிடிபடவில்லை, அவள் எப்படிக் கொன்றாள் என்பதும் விளங்கவில்லை என்று பிரெஞ்சு இயக்குநர் துரூஃபோவிடம் ஹிட்ச்காக்கே சொல்லியிருக்கிறார். எடுத்தவருக்கே இந்தக் கதி. செல்ஸ்னிக் திரைக்கதையை அவ்வப்போது எழுதிப் படப்பிடிப்புத் தளத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாராம். படத்தைப் பார்த்தால் நம்ப முடிகிறது.

*

லத்தூர். இங்கேதான் எல்லாம் கெட்டது.

ஹிட்ச்காக் மனதில் இருந்தவர் ராபர்ட் நியூட்டன். சாணி நாற்றம் வீசும், கை காய்த்துப்போன குதிரைக்காரன். அப்படிப்பட்டவன் மேல் ஒரு சீமாட்டி பித்தாகிறாள் என்றால் அதில் வெறி இருக்கிறது, வெளியே சொல்ல முடியாத அவமானம் இருக்கிறது. அவளைத் தெய்வமாக நினைத்த வக்கீலுக்கு அது செருப்படி. வந்து சேர்ந்தவரோ லூயி ஜூர்தான். மழித்த கன்னம், படிய வாரிய தலை, பிரெஞ்சு வாசம் அடிக்கும் ஆங்கிலம். இவனை ஒருத்தி விரும்பினாள் என்றால், 'சரி, அதற்கென்ன?' என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

பொருந்தாத நடிகர் ஒரு குறை, நம்ப முடியாத கதை இன்னொரு குறை என்று தனித்தனியாகக் கணக்கு எழுதுகிறோம். இரண்டும் ஒன்றுதான். ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'வில் கொலைத் திட்டம் முழுக்க, நாயகனால் கோபுரப் படி ஏற முடியாது என்ற ஒரே நம்பிக்கையில் நிற்கிறது. ஏறியிருந்தால்? யாரும் கேட்பதில்லை, நாயகனாக வரும் ஸ்டுவர்ட்டின் பித்து கேட்க விடுவதில்லை. இங்கே பித்து பற்றவில்லை; நமக்குக் கோப்பையைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது.

*

கிரெகரி பெக், காதோர நரையோடு லண்டன் பாரிஸ்டராக. கலிஃபோர்னியா வெயில் இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை. ஒலிவியே அல்லது ரொனால்ட் கோல்மன் வேண்டும் என்பது ஹிட்ச்காக்கின் விருப்பம். கதாநாயகியாக கார்போவைக் கேட்டார்கள். கிடைத்த ஆலிடா வாலியைக் குறை சொல்ல மாட்டேன்.

*

ஒரு ஷாட்டுக்காகவே பார்க்கலாம். சாட்சி சொல்ல லத்தூர் நீதிமன்றத்துக்குள் வருகிறான். கேமரா வாலியின் முகத்தை விட்டு நகரவில்லை; அவள் முதுகுக்குப் பின்னால் அவன் அரைவட்டம் அடித்து நடந்து போகிறான். அவள் திரும்புவதில்லை. அவனை அவள் மோப்பத்தாலேயே உணர்வது போல இருக்க வேண்டும் என்று ஹிட்ச்காக் நினைத்தாராம். ஜூர்தானிடம் என்ன வாசனை வரும்? உயர்ந்த ரக சோப்பு வாசனைதான்.

*

சார்லஸ் லாட்டனின் நீதிபதி அருவருப்பின் உச்சம். விருந்தில் வக்கீல் மனைவியின் திறந்த தோளைப் பார்க்கிறார், பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடிக்கிறார். அவருடைய மனைவியாக வரும் எத்தல் பேரிமோர் சில நிமிடங்களே இருக்கிறார். படத்தில் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது அவர் ஒருவருக்குத்தான்.