மூன்று எண்ணும் நேரம்

எனக்கு எழுபத்தொரு வயது. சாயங்காலம் நாலு மணிக்கு நானும் என் மனைவியும் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்துவிடுவோம். ஆளுக்கொரு கிளாஸ் டீ, நடுவே தட்டில் நாலு பிஸ்கட். அந்த அரைமணி நேரத்தில் வேறு எதையும் வைத்துக்கொள்வதில்லை. இப்படி உட்காரக் கற்றுக்கொள்ள எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நான் தேயிலைக்குள் பிறந்தவன். வால்பாறையில் அம்மா கொழுந்து கிள்ளினாள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் வேலை. இலையை வாட்டி, உருளைகளில் கொடுத்து நசுக்கி, காற்றுப்பட வைத்தால் பச்சை மறைந்து செப்பு நிறம் ஏறும். பிறகு உலர்த்திச் சலிப்பார்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள் தேறும். அப்பாவின் சட்டையை எத்தனை துவைத்தாலும் அந்த வாசம் போகாது. அம்மாவின் விரல் நுனிகள் இலைக்கறையில் கறுத்தே கிடக்கும். அந்த விரல்களை அன்று நான் நின்று பார்த்ததில்லை. இன்று கிளாஸைக் கையில் எடுத்ததும் அவைதான் முதலில் நினைவுக்கு வருகின்றன.

எஸ்டேட் லைன் வீட்டில் அன்றாடம் கிடைத்தது பொறைதான். சுட்ட ரொட்டியை வெட்டி மறுபடி சுடுவது பொறை. பிஸ்கட் என்ற சொல்லுக்கு லத்தீன் வேரில் 'இருமுறை சுட்டது' என்றுதான் பொருளாம்; அப்படிப் பார்த்தால் அந்தப் பெயருக்கு உரியதைத்தான் நாங்கள் தின்றிருக்கிறோம்! சம்பள நாளன்று மட்டும் பிஸ்கட் பொட்டலம் வரும். அப்பா பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவார்: "முக்கிட்டு மூணு எண்ணுடா." மூன்றுக்கு முன்னால் எடுத்தால் வெறும் பிஸ்கட். தாண்டினால் ஒடிந்து டீக்குள் விழுந்துவிடும்.

பின்னாளில் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தபோது அப்பாவின் கணக்கை விஞ்ஞானமாகவே படித்தேன். லென் ஃபிஷர் என்ற இயற்பியலாளர் இதையே ஆராய்ந்து 1999இல், வேடிக்கையான ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு வாங்கினார். பிஸ்கட்டின் நுண்துளைகள் டீயை மேலே இழுக்கின்றன. சூட்டில் சர்க்கரை கரைய, மாவு இளகிப் பிடிப்பு விட்டுப்போகிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக விளக்கியிருக்கிறேன். ஆனால் அந்த வருஷங்களில் நான் முக்கி எண்ணியதே இல்லை. முப்பத்தைந்து வருஷமும் இடைவேளை மணிக்குள் நின்றபடியே குடித்தேன். வீட்டிலும் விடைத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் கிளாஸ் வந்து உட்காரும். ஆடை படிந்து ஆறிப்போன பிறகு ஒரே மடக்கு. கொண்டுவந்து வைத்த கையை நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் என் மனைவி சொன்னாள்: "நீங்க டீ குடிச்சு நான் பார்த்ததே இல்லங்க. காலி கிளாஸைத்தான் பார்த்திருக்கேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுநாளே திண்ணைக்கு இரண்டு நாற்காலிகள் வந்தன.

இளையவர்களுக்குச் சொல்கிறேன்: ஓய்வு கிடைக்கட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். பத்து ரூபாய்ப் பொட்டலம் போதும். வீட்டில் இருப்பவர் கிளாஸோடு வரும்போது கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். பெரிதாகப் பேச வேண்டும் என்றுகூட இல்லை. நாங்கள் பேசுவது முழங்கால் வலி, முருங்கையில் ஏறிய கம்பளிப்பூச்சி, மகன் போன் செய்தானா என்பதுதான்.

திண்ணையில் உட்கார்ந்த முதல் வாரம், அவள் பிஸ்கட் ஒடிந்து டீக்குள் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. அப்பாவின் கணக்கைச் சொல்லித்தரலாம் என்று வாயெடுத்தேன். அவள் உள்ளே போய் ஒரு ஸ்பூனை எடுத்து வந்து, அடியில் ஊறிக் கிடந்ததை வழித்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு அப்படித்தான் பிடிக்குமாம்.

இப்போதெல்லாம் டீ போட்டதும் தட்டில் ஸ்பூனை எடுத்து வைப்பது என் வேலை.