லொறிக்குப் பின்னால் கேட்ட சத்தம்

 

பெரும்போக அறுவடை நெருங்குகிறது. இன்னும் கொஞ்ச நாளில் சவளக்கடை, நாவிதன்வெளி, அன்னமலைப் பக்கமெல்லாம் நெல் மூடை ஏற்ற லொறிகள் வரிசையில் நிற்கும். லொறி வைத்திருப்பவர்களுக்கும் ஓட்டுபவர்களுக்கும் பிரயோசனப்படும் என்று இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். இதற்குள் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது. எங்கள் டிரைவர் அண்ணனிடம் கேட்டு, அவர் சரி சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

எங்கட வாப்பாவிடம் பழைய ஜப்பான் லொறி ஒன்று இருக்கிறது. என் லாத்தாவின் கல்யாணம், நான் ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்துச் செலவு எல்லாம் அது இழுத்த நெல் கூலிதான். வாப்பாவுக்குச் சுகமில்லாமல் போன பிறகு காக்கா கணக்கு வழக்கைப் பார்க்கிறார். ஓட்டுவது நாவிதன்வெளிப் பக்கத்து அண்ணன் ஒருவர். பதினொரு வருடமாக அவர் கையில்தான் லொறி.

சில வருடங்களுக்கு முந்திய தைப்பொங்கல். அண்ணன் மூன்று நாள் லீவு. சவளக்கடையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கதிரையும் கிடாரமும் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். எனக்கும் லைசன்ஸ் இருக்கிறது, நானே போகிறேன் என்று எடுத்தேன். அக்கரைப்பற்றுப் பக்கம் போய்ச் சாமானை ஏற்றிக்கொண்டு நிற்காமல் ஓடி வந்தேன். கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணி போய்க்கொண்டிருந்தது.

கிட்டங்கியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாரி வந்தால் அந்தப் பாதை ஆற்றுக்குச் சொந்தம். அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு உழவு மெசின் இறங்கிப் போனது. சுற்றுப் பாதையால் போக நேரமில்லை என்று நானும் இறக்கினேன். பாதிக்கு வந்தபோது பின் சக்கரத்தின் நடுப்பகுதி தண்ணிக்குள். அக்கரைக்கு ஏறியதும் கல்யாண வீட்டுப் பொடியன்கள் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த நாள் தண்ணி வற்றிய பிறகு லொறியைக் கொண்டுவந்து கழுவி நிறுத்தினேன். வீட்டில் யாருக்கும் மூச்சுக் காட்டவில்லை.

பெப்ரவரி நடுவில் அண்ணன் வந்து சொன்னார்: "சேர், பின்னால ஒரு சத்தம் வருது."

பாரம் ஏற்றி நாற்பதில் இழுக்கும்போது பின்பக்கமிருந்து ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். காக்கா டவுனில் ஒரு கராஜுக்கு அனுப்பினார். அங்கே யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. "புரொப்லர் சாப்ட் குரோஸ் போயிட்டு" என்று இரண்டு குரோசையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஊளை அப்படியே இருந்தது. அதற்கு மேல் ஐம்பதைத் தாண்டினால் லொறி முழுவதும் உதறவும் தொடங்கியது. திரும்பப் போனால், "அப்ப டிபரன்சல் முழுசா மாத்தோணும்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை அந்தப் போகத்து வருமானத்தையே விழுங்கிவிடும்.

காக்காவுக்குக் கோபம் வந்தது. "கிளச்ச எகிற உட்டு எகிற உட்டு அடிச்சிருக்கான். பதினொரு வருஷம் எண்டு பாத்துப் பாத்துத்தான் இந்த நிலை. மாசம் முடிய வேற ஆளப் பாப்பம்" என்றார். அண்ணனின் முகத்துக்கு முன்னாலேயே சொன்னார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் தண்ணிக்கும் இந்தச் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.

கடைசியில் வாப்பாதான் சொன்னார், சவளக்கடையில் உள்ள பழைய பாஸிடம் ஒருக்காக் காட்டுங்கள் என்று. அவர் இப்போது பெரிய வேலை எடுப்பதில்லை. வாப்பாவுக்காக ஓம் என்றார். நானும் அண்ணனும் கொண்டுபோனோம்.

அவர் சாவியைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான். எந்த வேகத்தில் வருது? பாரத்தோடா, வெறுமனேயா? காலை எடுத்தால் என்ன நடக்குது? வளைவில் மாறுதா? எடுக்கும்போது 'டக்' என்று அடிக்குதா? அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். பிறகு பக்கத்தில் ஏறி இருந்துகொண்டு, "ஓட்டு மனே" என்றார்.

அன்று அவர் சொல்லித் தந்ததை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

எஞ்சினின் பலம் கியர்பொக்சில் இருந்து புரொப்லர் சாப்ட் வழியாகப் பின்னால் போகிறது. அங்கே டிபரன்சலுக்குள் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், குரவுன் என்ற பெரியதைச் சுற்றுகிறது. பினியனுக்கு 7 பல்லும் குரவுனுக்கு 41 பல்லும் என்றால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற சாப்ட் கிட்டத்தட்ட 6 சுற்றுச் சுற்ற வேண்டும். அதனால் சாப்டில் பிழை என்றால் உடம்பெல்லாம் 'விர்ர்' என்று கூசும். சக்கரத்தில் பிழை என்றால் 'தொம், தொம்' என்று ஆறுதலாக வரும்.

நிறுத்தி வைத்து எஞ்சினை முடுக்கினார். உதறல் இல்லை. ஆளில்லாத நேர் ரோட்டில் ஐம்பத்தைந்துக்குக் கொண்டுபோய் நியூட்ரலில் விடச் சொன்னார். உதறல் அப்படியே இருந்தது. அப்படியென்றால் எஞ்சினும் கிளச்சும் இதில் இல்லை, கியர்பொக்சுக்குப் பின்னால்தான் தேட வேண்டும். (இறக்கத்தில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.) காக்கா கிளச்சைச் சொல்லி அண்ணனில் போட்ட பழி அந்த இடத்திலேயே பாதி விழுந்துவிட்டது.

திரும்பி வந்து சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான் லொறிக்குக் கீழே போனார். ஏன் என்று கேட்டேன். இந்த மாதிரி லொறிகள் பலதில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பொக்சுக்குப் பின்னால் சாப்டைத்தான் பிடிக்கும். சாப்டைக் கழற்றிய அந்த நிமிடமே லொறிக்கு ஹேண்ட் பிரேக் இல்லை. கட்டை இல்லாவிட்டால் ஆளுக்கு மேலால் உருளும்.

கீழே இருந்து என்னைக் கூப்பிட்டு, "சேர், இதப் பாருங்க" என்று சாப்டின் இரண்டு துண்டும் சேரும் இடத்தைக் காட்டினார். ஒவ்வொரு துண்டிலும் ஒரு அம்புக்குறி. இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். எங்கள் லொறியில் இரண்டும் நேராக இல்லை. குரோஸ் மாற்றியவர்கள் அடையாளம் பார்க்காமல் பூட்டியிருக்கிறார்கள்.

அதில் என்ன பெரிய விசயம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் விளங்கியது. ஒரு குரோஸ் சரிவாகச் சுற்றும்போது, முன்னால் சீரான வேகத்தில் போனாலும் பின்னால் சீராக வராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் வேகம் கூடி, இரண்டு தரம் குறையும். இந்த மூட்டுக்கு ஹூக் மூட்டு என்றும் ஒரு பெயர் உண்டு. நாங்கள் சுருள்வில்லுக்குப் படிப்பிக்கிற ஹூக்கின் விதியைச் சொன்ன அதே 17ஆம் நூற்றாண்டு ரொபர்ட் ஹூக்தான். முதல் குரோஸ் கொடுக்கிற கூடுதல் குறைவை இரண்டாவது குரோஸ் எதிர்ப்பக்கமாகக் கொடுத்துச் சரிக்கட்டும். அம்புக்குறி பிழைத்தால் சரிக்கட்டாது. லொறி உதறும்.

பாஸ் சாப்டைச் சரியாகப் பூட்டினார். உதறல் நின்றது. ஊளை மட்டும் மிச்சம்.

"இழுக்கக்குள்ள கூடுது, கால எடுக்கக் குறையுது. வளைவுல மாறல்ல. அப்ப சக்கர பெயரிங் இல்ல. பினியன் பக்கம்" என்றார். சாப்டை டிபரன்சல் பக்கம் கழற்றி, பினியன் தலையைக் கையால் மேலும் கீழுமாக ஆட்டினார். ஆடியது. ஆடவே கூடாத இடம் அது. பிறகு கீழே ஒரு பேசினை வைத்து ஒயில் பூட்டைத் திறந்தார்.

ஒயில் கறுப்பாக வர வேண்டும். வந்தது பால் தேத்தண்ணி நிறத்தில்.

பாஸ் அதை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மேலே காற்றுப் போகிற பிரீதரைக் கழற்றினார். அடைத்துக்கொண்டு களிமண். என்னையும் அண்ணனையும் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இத ஆர் தண்ணிக்குள்ள இறக்கின?"

அண்ணன், "நான் தண்ணிக்குள்ள இறக்கிறதில்ல" என்றார். அவ்வளவுதான்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். போத்தலைச் சூடாக்கி, தலைகீழாகத் தண்ணிக்குள் அமுக்கி, உள்ளே காற்றுக் குளிர்ந்து சுருங்கச் சுருங்கத் தண்ணி மேலே ஏறுவதை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறேன். தூர ஓடி வந்த லொறியின் டிபரன்சல் சூடாக இருக்கும். அதைக் கிட்டங்கித் தண்ணிக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்றுச் சுருங்கி, பிரீதராலும் தேய்ந்த ஒயில் சீலாலும் தண்ணியை உள்ளே இழுக்கும். இழுத்த தண்ணி அங்கேயே கிடந்து ஒயிலோடு கலக்கும், பெயரிங்கில் துரு ஏறும், ஒரு மாதத்தில் ஊளை வரும். என்னுடைய போத்தல் பரிசோதனையை நானே லொறியில் செய்திருக்கிறேன்.

இவ்வளவும் அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. விளங்கியும் வாய் திறக்கவில்லை. "இருக்கும், எங்கயாவது பட்டிருக்கும்" என்று மழுப்பினேன். அண்ணன் குனிந்து கை துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு தூக்கமில்லை. வீட்டுப்பாடப் புத்தகத்தை ஒளித்துவிட்டுப் பொய் சொன்ன ஒரு பிள்ளையை அந்தக் கிழமைதான் வகுப்பில் எழுப்பி நிறுத்தியிருந்தேன். நான் ஒளித்தது ஒரு மனிசனின் சோற்றை. சுபஹு தொழுதுவிட்டு வாப்பாவிடமும் காக்காவிடமும் சொன்னேன். வாப்பா, "என்னட்டச் சொல்லி என்ன? அவனிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

நானும் காக்காவும் அண்ணனின் வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் நின்றே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "எனக்குத் தெரியும் சேர். பொங்கல் முடிஞ்சு வந்த அண்டைக்கே அக்சிலுக்கு மேல ஆத்துவாழை சுத்தியிருந்திச்சு. நான்தான் பிடுங்கி எறிஞ்சன்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"நீங்க சொல்லுவீங்க எண்டு இருந்தன்."

அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். காக்கா மன்னிப்புக் கேட்டார். நான் கேட்கவேண்டிய விதத்தில் கேட்டேனா தெரியவில்லை, அழுகை வந்துவிட்டது.

லொறிக்குப் பினியன் பெயரிங், சீல், புது ஒயில்தான் போனது. குரவுன் பல்லில் பெயின்ட் பூசி, சுற்றி, பல் எங்கே படுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பாஸ் பொருத்தினார். பற்களுக்குச் சேதமில்லை. டவுனில் கேட்ட தொகையில் காலில் ஒரு பங்குகூட வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் போகத்து நெல்லில் மிச்சத்தை அண்ணன்தான் ஏற்றினார். இன்றும் அவர்தான் ஓட்டுகிறார்.

லொறிக்காரர்களுக்குச் சில விசயங்கள்:

1. தண்ணிக்குள் இறங்கியிருந்தால் ஓடித் திரியாமல் ஒரு இரவு நிறுத்தி வையுங்கள். தண்ணி ஒயிலை விடப் பாரம், அடியில் தங்கும். காலையில் கீழ்ப் பூட்டை மெதுவாகத் தளர்த்தினால் முதலில் தண்ணி வரும். ஒயில் பால் நிறமாக இருந்தால் அன்றே முழுவதையும் மாற்றுங்கள். ஒரு ஒயில் மாற்றோடு முடிகிற வேலை அது.

2. பிரீதரைக் கழற்றிக் கழுவுங்கள்.

3. குரோசுக்குக் கிரீஸ் அடிக்கும்போது நான்கு மூலையாலும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். மெதுவாக ஓடும்போது குருவி கத்துகிற மாதிரிக் கேட்டால் குரோஸ் காய்ந்திருக்கிறது. எடுக்கும்போது 'டக்' என்றால் தேய்ந்திருக்கிறது.

4. சாப்டைக் கழற்ற முதல் பெயின்டால் அடையாளம் போடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

5. பழுதான லொறியைத் தூரம் இழுத்துக்கொண்டு போவதென்றால் சாப்டைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடாதபோது கியர்பொக்சின் மேல் பக்கத்துக்கு ஒயில் எழும்பாது.

6. எல்லாவற்றுக்கும் முதல், தண்ணிக்குள் இறக்காதீர்கள். அன்று நான் தப்பியது கெட்டித்தனத்தால் இல்லை. 2024 நவம்பர் 26 அன்று காரைதீவு, மாவடிப்பள்ளி ரோட்டில் மத்ரசாப் பிள்ளைகள் வந்த உழவு மெசின் வெள்ளத்தில் புரண்டதை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம். அந்தச் செய்தி வந்த அன்று, கிட்டங்கியில் எனக்குக் கை தட்டிய பொடியன்களின் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

கடைசியாக முதலாளிமாருக்கு ஒன்று. லொறியில் சத்தம் கேட்டால், டிரைவரை ஏச முதல் அவரோடு ஒருக்கா ஏறி ஓடிப் பாருங்கள். அந்தச் சத்தத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.