சாரல் ஊரில் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்

தென்காசி, குற்றாலம் பக்கத்தில் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் வாங்க நினைக்கிறவர் யாரிடம் யோசனை கேட்டாலும் பதில் ஒன்றாகத்தான் வரும்: சாரல் ஊருக்கு அது சரிப்படாது, பேசாமல் நல்ல கூம்பு ஸ்பீக்கராகப் பார்த்து வாங்குங்கள். இதில் பாதி உண்மை. ஈரமும் தூசியும் இந்தக் கருவிக்கு எதிரிகள் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஸ்பீக்கருக்கு ஊர் எதுவென்று தெரியாது. தன்னைச் சுற்றி நாலடிக்குள் இருக்கும் காற்று மட்டுமே அதற்குத் தெரியும். அந்த நாலடிக் காற்றை வருஷம் பன்னிரண்டு மாதமும் சீராக வைத்துக்கொள்ள முடிகிறவர் குற்றாலத்திலும் இதை வைத்துக் கேட்கலாம். முடியாதவருக்கு எந்த ஊரிலும் அது தொல்லைதான். ஆகவே செலவின் வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி. முதல் காசு அறைக்கு, அடுத்தது மின் இணைப்புக்கு, மூன்றாவதுதான் ஸ்பீக்கருக்கு. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, பிறகு ஊரைக் குறை சொல்கிறார்கள்.

காரணம் கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. சாதாரண ஸ்பீக்கரில் காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்து ஒரு கூம்பைத் தள்ளி இழுக்கின்றன. எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் அவை இரண்டும் கிடையாது. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே, சில மில்லிமீட்டர் இடைவெளியில், விறைப்பாக இழுத்துக் கட்டிய ஒரு பாலியெஸ்டர் படலம், அவ்வளவுதான். படலத்துக்குச் சில ஆயிரம் வோல்ட் டி.சி. மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். பாட்டின் சிக்னல் ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் பெருகி இரண்டு தகடுகளுக்கும் எதிரெதிராகப் போகும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுப்பதால் படலம் மொத்தப் பரப்பும் ஒரே சமயத்தில் அசைகிறது. 12 மைக்ரான் தடிமனுள்ள படலம் ஒரு சதுர மீட்டர் எடுத்தால் ஏறக்குறைய 17 கிராம்தான் இருக்கும். அதே பரப்பில் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராத காற்றின் எடையும் அவ்வளவுதான். தான் அசைக்கும் காற்றைவிடப் பெரிதாகக் கனமில்லாத ஒன்று அசைவதால், வீணைத் தந்தியில் விரல் படும் கணமும் பாடகர் மூச்செடுக்கும் இடமும் மழுங்காமல் வருகின்றன. தம்புராவின் நாதம் பாட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கிறது. இதற்காகத்தான் இத்தனை பாடும்.

அந்தச் சுகத்துக்குப் பின்னால் ஒரு நிபந்தனை உண்டு. படலத்தில் ஏற்றிய மின்னூட்டம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். அது ஓடித் திரிந்தால் ஒலி சிதையும். இந்தத் தத்துவத்தை ஹார்வர்டு பேராசிரியர் எஃப்.வி. ஹண்ட் 1954இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1955இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் இதைப் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதி, 1957இல் குவாட் இ.எஸ்.எல். என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்தார். 1985 வரை உற்பத்தியில் இருந்த அந்த மாடலில் பாஸ் பேனலுக்கு 6,000 வோல்ட், டிரெபிள் பேனலுக்கு 1,500 வோல்ட். மின்னூட்டம் நகராதிருக்க, படலத்தின் மேல் மின்தடை மிக அதிகமான ஒரு பூச்சு பூசுகிறார்கள். அதற்கு மின்சாரமும் பெரிய தடை ஒன்றின் வழியாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கசிந்துதான் போய்ச் சேர்கிறது. வரவு இவ்வளவு சொற்பம் என்றால் செலவும் சொற்பமாக இருக்க வேண்டும். ஈரம் படிந்த சட்டத்தின் ஓரமாகவோ, நனைந்த ஒரு நூலிழை வழியாகவோ அதே மைக்ரோ ஆம்பியர் அளவு வெளியே கசிந்தால் போதும், வோல்ட் இறங்கிவிடும். ஒரு பக்கத்து ஸ்பீக்கரின் சத்தம் கம்மியாகும், பாடகர் நடுவிலிருந்து நகர்ந்து ஓரமாகப் போய்விடுவார். கசிவு முற்றினால் இன்னொரு அடையாளம் உண்டு. இரவில் பாட்டை நிறுத்தி, விளக்கை அணைத்து, பேனலுக்கு ஒரு சாண் தள்ளிக் காதை வைத்தால் 'டிக்' என்று கேட்கும். சிறிது நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. மின்னூட்டம் சேர்ந்து சேர்ந்து ஓரிடத்தில் பாய்கிற சத்தம் அது. மழை வலுக்க வலுக்க இடைவெளி குறையும். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. வாங்கியவர் எவரும் மாதம் ஒரு முறை செய்து பார்க்கலாம்.

இனி நம் ஊர்க் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓயாது. குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் இடையில் சில கிலோமீட்டர்தான் என்றாலும் இரண்டு ஊரின் பிரச்சினையும் ஒன்றல்ல. மலையடிவாரத்தில் ஈரம்; தென்காசியில் காற்றும் அது வாரிக்கொண்டு வரும் புழுதியும். சாரல் நாளில் வெப்பம் 25 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட அறைக்கு ஏ.சி. போட்டால் போதும் என்பதுதான் பலரின் எண்ணம். ஏ.சி. வெப்பத்தைப் பார்த்து ஓடுகிற இயந்திரம். அறை ஏற்கெனவே 25 டிகிரியில் இருந்தால் அதன் கம்ப்ரசர் அடிக்கடி நின்றுவிடும்; ஈரம் அப்படியே தங்கிவிடும். சென்னையில் பலிக்கிற வைத்தியம் ஆடி மாதக் குற்றாலத்தில் பலிக்காததற்குக் காரணம் இதுதான். இங்கே வேண்டியது ஈரத்தைப் பார்த்து ஓடுகிற டீஹியூமிடிஃபையர். அது நீரை வடித்தெடுப்பதோடு அறையைக் கொஞ்சம் சூடாக்கவும் செய்கிறது. அந்தச் சூடும் நமக்கு லாபமே. அதே 85 சதவீதக் காற்றை ஒரு சொட்டு நீரும் எடுக்காமல் 30 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் சுமார் 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காமிரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் சின்ன பல்பு எரிய விடுகிறவர்கள் பயன்படுத்துவதும் இதே கணக்குதான். அறையில் 60 சதவீதத்தைத் தாண்டவிடக் கூடாது என்பதை நான் வரம்பாகச் சொல்வேன். பல நாள் பூட்டிக் கிடந்த வீடானால் ஸ்பீக்கரை உடனே ஆன் செய்யக் கூடாது. ஒரு நாள் முழுக்க அறையை உலர்த்திவிட்டுப் பிறகுதான் இணைப்புக் கொடுக்க வேண்டும்.

தூசிக்கு வருவோம். நிலக்கரி அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிக்கு முன்னால், புகையிலிருந்து சாம்பலைப் பிரித்தெடுக்க உயர் மின்னழுத்தத் தகடுகள் வைத்திருப்பார்கள். மின்னூட்டம் உள்ள பரப்பு தூசியை இழுக்கும் என்பதுதான் அதற்கு அடிப்படை. அந்த வேலையை யாரும் கேட்காமலே இந்த ஸ்பீக்கரும் செய்கிறது. வறண்ட தூசியால் அதிகக் கெடுதல் இல்லை. சாரலில் ஊறிய தூசிதான் மின்சாரத்துக்கு வழி போட்டுக் கொடுக்கிறது. எனவே மே மாத முடிவில், சாரல் தொடங்கும் முன்பே சுத்தம் செய்துவிட வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, கையேடு சொல்லும் நேரத்துக்கும் அதிகமாகக் காத்திருந்து, மென்மையான தூரிகை பொருத்திய வாக்குவம் கிளீனரால் தகட்டின் மேல் மெல்ல இழுத்தால் போதும். ஈரத் துணி, ஸ்பிரே, அழுத்தக் காற்று எதுவும் வேண்டாம். உலோகப் பேனலைக் கழற்றித் தண்ணீரில் கழுவும் பழக்கம் சில நாட்டு ரசிகர்களிடம் உண்டு. அருவிக் குளியலுக்குப் பேர்போன ஊரில் அந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் உப்புத் தண்ணீர் காய்ந்து விட்டுச் செல்லும் படிவும் புதிய கசிவுக்கு வழி என்பதால், கையேடு அனுமதிக்காத பேனலில் அதைச் செய்யக் கூடாது. பூச்சிகளையும் மறக்கலாகாது. முதல் மழைக்குப் பிறகு விளக்கைத் தேடி வரும் ஈசலின் ஒரு சிறகு தகட்டின் துளைக்குள் போனாலும் தீப்பொறி தட்டும். மாலையில் ஜன்னலுக்குக் கொசுவலையும், பாட்டில்லாத நேரத்தில் ஸ்பீக்கருக்கு ஒரு பருத்தி உறையும் போட்டு வைப்பது மலிவான காப்பீடு. உறை போடும்போது இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம்.

மின் இணைப்பை இரண்டாவதாகச் சொன்னதற்குக் காரணம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவத்தின் இடி மின்னல் இந்தப் பக்கம் பலமாக இருக்கும். ஸ்பீக்கரின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, ஆம்ப்ளிஃபையர், கேபிள், இன்டர்நெட் என்று அதோடு தொடர்புள்ள எல்லாக் கம்பிகளையும் கழற்ற வேண்டும். பழைய வீடானால் எர்த் குழி உயிரோடு இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளந்து பார்க்க வேண்டும். பின்பக்க மூடியைத் தாமாகத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் கூம்பு ஸ்பீக்கரே மேல் அல்லவா என்பது முதல் ஆட்சேபம். அதுவும் சாரலுக்குத் தப்பியதில்லை. பல மாடல்களில் கூம்பின் விளிம்பில் உள்ள பாலியூரித்தேன் ஃபோம் ஈரக் காற்றில் வேதியியல் ரீதியாகச் சிதைந்து, சில வருஷங்களில் தொட்டாலே உதிரும். வித்தியாசம் என்னவென்றால், அது சொல்லாமல் கெடும். இது 'டிக்' என்று சொல்லிவிட்டுக் கெடும். உலர்ந்த அறை இரண்டுக்கும் நல்லது, அறையில் இருக்கும் புத்தகத்துக்கும் இசைத்தட்டுக்கும் நல்லது. இரண்டாவது ஆட்சேபம் சத்தம். கோயில் வாசலில் நின்று கேட்கும் தவிலின் அடி இதில் வருமா? முழுக்கப் படலமே உள்ள மாடலில் வராது. தகடுகளுக்கு நடுவே உள்ள சில மில்லிமீட்டருக்குள்தான் படலம் ஆட முடியும், அதற்கு மேல் தள்ளினால் பொறி பறக்கும். பழைய குவாட் 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபையருக்கென்று வந்த கருவி என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவது, கேட்கும் இடம் குறுகலானது. ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டி இலக்கியக் கூட்டம் போலப் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து ரசிக்க இது ஏற்றதல்ல, ஒன்றிரண்டு நாற்காலிக்குத்தான். 1981இல் வந்த குவாட் இ.எஸ்.எல்.-63இன் வளைய அமைப்பும், மார்ட்டின்லோகனின் வளைந்த பேனலும் இந்தக் குறையைக் குறைத்தனவே தவிர, முற்றிலும் நீக்கவில்லை. கடைசி இரண்டு ஆட்சேபங்களையும் நான் ஒப்புக்கொள்கிறேன். கூட்டமாகக் கேட்கிறவர்களும் தவிலைத் தவிலாகவே கேட்க வேண்டும் என்கிறவர்களும் வேறு ஸ்பீக்கர் வாங்குவதே சரி. செங்கோட்டை கிட்டப்பாவின் குரலையோ ஒற்றை வீணையையோ தனியாக உட்கார்ந்து கேட்கிறவருக்கு இந்தக் குறைகள் பெரிதாகப் படாது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் சிபாரிசு, பாஸுக்குக் கூம்பும் மேலே படலமும் கொண்ட கலப்பு மாடல். பேனல் சிறிதாக இருப்பதால் பராமரிப்பு குறைவு, தவிலுக்கும் ஓரளவு வலு கிடைக்கும். பழையதாக வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே குரலை மோனோவில் போட்டுக் கேளுங்கள். குரல் நட்ட நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வையுங்கள். குரலும் கூடவே பக்கம் மாறினால் ஒரு பேனலோ அதன் மின்சுற்றோ களைத்துவிட்டது என்று பொருள். மின்சுற்று என்றால் கவலை இல்லை. உயர் மின்னழுத்த டயோடுகளும் கெபாசிட்டர்களும் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், விவரம் தெரிந்த மெக்கானிக் மாற்றித் தருவார். பேனல் என்றால் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும். உச்ச அதிர்வெண்களில் இவற்றின் மின்மறுப்பு ஓரிரு ஓமுக்கு இறங்குவதால், ஆம்ப்ளிஃபையர் அதைத் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் வைக்கும்போது, படலம் பின்பக்கமும் அதே அளவு ஒலிப்பதால், சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வைக்க வேண்டும். சாரல் வரும் மேற்கு ஜன்னலை ஒட்டி வைக்கவே கூடாது. தார்சா எனும் முன்தாழ்வாரத்தைவிட உள்ளே தள்ளி இருக்கும் பட்டாசல் எனும் கூடமே இதற்குத் தோதான இடம்.

அவசரப்படாமல் ஒரு சாரல் பருவம் காத்திருங்கள். சில நூறு ரூபாய்க்கு ஓர் ஈரப்பதமானி வாங்கி, ஸ்பீக்கர் வைக்கப்போகும் இடத்திலேயே தொங்கவிட்டு, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காலையும் இரவும் குறித்து வாருங்கள். டீஹியூமிடிஃபையர் ஓடியும் முள் 60க்குக் கீழே நிற்காவிட்டால் ஸ்பீக்கர் ஆசையை விட்டுவிடுங்கள். நின்றால், எவர் என்ன சொன்னாலும் தைரியமாக வாங்குங்கள்.