ஜின்சு ஆறு சொல்லும் கதை

ஜப்பான் கடலோரம் இருக்கிறது தோயாமா. முதுகுப்புறம் பனி மூடிய மலைத்தொடர், எதிரே விரிகுடா. மூங்கில் இலையில் பொதிந்து, வட்டமான மரப்பெட்டியில் தரும் மீன் சூஷி இந்த ஊரின் பெருமை. அந்த மீனை ஒரு காலத்தில் அள்ளித் தந்தது ஜின்சு ஆறு. அதே ஆறு கொடிய நோயையும் கொண்டுவந்தது.

ஆற்றின் மேல்பகுதியில், மலைக்குள் இருக்கிறது கமியோகா சுரங்கம். துத்தநாகத் தாதுவோடு காட்மியமும் வெளிவந்தது. சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்தது. கீழே இருந்தவர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், வயலுக்கும் பாய்ச்சினார்கள். வாய்க்காலில் ஓடிவந்த தண்ணீர் வயலுக்குள் நுழைந்ததும் வேகம் குறையும். வண்டல் அங்கேயே படியும். அதனால் மடைவாய் ஓரத்து மண்ணில்தான் நஞ்சு அதிகம்.

வயலில் தண்ணீர் நிற்கும்வரை காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து, கரையாமல் மண்ணிலேயே கிடக்கும். தண்ணீரை வடித்து மண்ணுக்குள் காற்று புகுந்தால் கரையத் தொடங்கும். வேர் அதை உறிஞ்சி நெல்மணிவரை கொண்டுபோய்விடும். இப்படிப்பட்ட நிலங்களில் கதிர் விடும் சமயத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்ற, நடுவயது தாண்டிய பெண்கள். சிறுநீரகம் கெட்டு, எலும்பு மென்மையாகி, இருமினாலே முறிந்தது. 'இத்தாய், இத்தாய்' என்று அலறினார்கள். 'வலிக்குது, வலிக்குது' என்று அர்த்தம். அதுவே நோயின் பெயரானது. காட்மியம்தான் காரணம் என்று சொன்னவர் உள்ளூர் டாக்டர் ஹகினோ நோபோரு. 1968-ல் அரசு அதை ஒப்புக்கொண்டது. 1972-ல் மேல்முறையீட்டிலும் மக்களே வென்றார்கள்.

மண்ணை மீட்பது அதைவிடப் பெரிய வேலை. நஞ்சேறிய மேல்மண்ணை அடியில் புதைத்து, மேலே நல்ல மண் பரப்பினார்கள். 1979-ல் தொடங்கிய பணி 2012-ல் முடிந்தது. சீரானது சுமார் 860 ஹெக்டேர். அதே ஆண்டு தோயாமாவில் இந்த நோய்க்கென ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

கமியோகா மலைக்குள் இன்று 50,000 டன் தண்ணீர் நிரம்பிய பிரம்மாண்டத் தொட்டி இருக்கிறது. நியூட்ரினோ ஆய்வுக்கான சூப்பர் கமியோகாண்டே! 2015-ல் நோபல் பரிசுவரை போன ஆய்வு.

விவசாயிகளுக்கு வேறொரு வேலை இருக்கிறது. வழக்கில் வென்றதும் வாங்கிய உரிமைப்படி, ஆண்டுதோறும் நிபுணர்களோடு மலையேறி, சுரங்கத்திலிருந்து வெளியேறும் தண்ணீரைச் சோதிக்கிறார்கள். மண் மாறினாலும் அந்த வழக்கத்தை அவர்கள் விடவில்லை.