லயத்துக் காம்பிராவில் ஒரு மின்கிற்றார்

மலையகத்து லயத்திலே அமைதி என்பது தனியுடைமை அன்று. ஒரு காம்பிராவின் சுவரே அடுத்த காம்பிராவின் சுவருமாகையால், ஒரு வீட்டுக் குழந்தை அழுதால் மறு வீட்டுத் தாயும் விழித்துக்கொள்வாள். தென்மேற்குப் பருவமழை தகரக் கூரைமீது கொட்டத் தொடங்கிவிட்டாலோ, அருகிருப்பவர் பேச்சும் செவிக்கு எட்டாது. தொழிற்சாலையிலே கொழுந்து வாட்டும் விசிறிகள் இரவெல்லாம் இரைந்துகொண்டிருக்கும். இத்தகைய இடத்தில் இசையைப் பதிவு செய்ய முனைவது பேதைமை என்றே எவருக்கும் தோன்றும்.

நோர்வூட்டை அடுத்த தோட்டமொன்றில், பழைய மின்கிற்றார் ஒன்றையும் மடிக்கணினி ஒன்றையும் வைத்திருக்கும் இளைஞன் ஒருவனுக்கு அவ்வாறு தோன்றவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. மின்கிற்றாரின் ஒலியேற்பி காற்றின் அதிர்வைக் கேட்பதில்லை. காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக்கம்பி பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும்; உருக்குத் தந்தி அதன்மேல் அதிரும்போது காந்தப்புலம் மாறி, கம்பிச்சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும். ஆகவே மழையும் விசிறியும் அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியும் அதன் செவியில் விழுவதில்லை. வால்வு விரியலாக்கியையும் அதன் ஒலிபெருக்கிப் பெட்டியையும் கணக்கீட்டால் போலச்செய்யும் மென்பொருள் கணினியில் இருக்கிறது. உண்மையான விரியலாக்கியை அதற்குரிய முழக்கத்தோடு ஒலிக்கவிட்டால், விடியலில் பெரட்டுக்குச் செல்ல வேண்டிய முழு லயமும் உறக்கம் இழக்கும். மென்பொருளோ காதணியோடு நின்றுவிடும். ஏழைக்கு ஏற்ற கருவி என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

ஆனால் காற்றுக்குச் செவிடான அக்கருவி மின்சாரத்துக்குக் கூர்ந்த செவி உடையது. முதல் நாளே அவன் காதணியில் கேட்டது தன் இசையை அன்று. வண்டு முரல்வது போன்ற ஓர் ஓயாத ரீங்காரத்தை.

அந்த ரீங்காரம் எங்கிருந்து வருகிறது? இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய ஆடலோட்டம். சுவருக்குள் ஓடும் கம்பியும் கணினியின் மின்னேற்றியும் அந்தத் தாளத்திலேயே காந்தப்புலத்தை எழுப்ப, கிற்றாரின் கம்பிச்சுருள் தந்தியின் அதிர்வோடு அதனையும் பற்றிக்கொள்கிறது. தீவின் மின்வலையில் இணைந்த பிறப்பாக்கிகள் யாவும் இத்தாளத்துக்கு ஒத்தே சுழல வேண்டும். அவற்றுள் மூத்தவற்றில் ஒன்று அவன் தோட்டத்துக்கு அயலிலேயே உள்ளது. டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் கண்ட கனவின் பயனாக, லக்சபான நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பின்னர் காசல்ரீயும் மவுசாக்கலையும் எழுந்தன. பழைய மஸ்கெலியா நகர் நீரில் மூழ்கியது. மலையின் நீர் கொழும்பின் விளக்குகளை ஏற்றிய பின்னரும் லயத்துக் காம்பிராக்கள் பல நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கோடே இருந்தன. தாமதித்து வந்த அந்த மின்சாரந்தான் இன்று அவன் கிற்றாருக்குள் புகுந்து முரல்கிறது.

தந்தியைக் கையால் தொட்டால் இரைச்சல் தணிவதையும், கையை எடுத்தால் மிகுவதையும் அவன் கவனித்தான். உடல் தானே ஓர் ஏரியலாகி அயலிலுள்ள மின்புலத்தை ஏற்கிறது. தந்தியைத் தொட்டதும் கருவியின் புவிக்கம்பியோடு இணைந்துவிடுகிறது. மின்வேலை அறிந்த உறவினர் ஒருவர் வந்து செருகுதளத்தைக் கழற்றிப் பார்த்தார். மூன்றாவது துளை இருந்தது. அதன் பின்னால் கம்பி இல்லை.

இரைச்சலை அடக்கும் மென்பொருள் ஒன்றை வாங்குவதற்காக அவன் தாயின் கொழுந்துச் சம்பளத்தில் சிறிது சேர்த்து வைத்திருந்தான். அப்பணம் செப்புக்கோலுக்கும் பச்சைக் கம்பிக்கும் போயிற்று. ஈரத்தரையில் நின்று மின்கேத்தலைத் தொடும் தாய்க்கு அந்தக் கம்பி கிற்றாரினும் முக்கியமானது என்பதை அவனுக்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை. முரல்வை ஒழிக்கும் பொருட்டுப் புவி ஊசியை முறித்துவிடுவோரும் உலகில் உளர். அஃது உயிரோடு விளையாடுவதேயாகும்.

கம்பி இட்டபின் கரகரப்பு அடங்கிற்று. காந்தத்தால் வரும் முரல்வு அடங்கவில்லை. அதற்குப் புவித்தொடுப்பு மருந்தன்று. கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர், எதிரெதிர்த் திசையில் இயங்கும் இரு சுருள்களை இணைத்து, முரல்வு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஒலியேற்பியை அமைத்து 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவன் கிற்றாரிலோ ஒற்றைச் சுருளே இருந்தது. மின்னேற்றியைக் கழற்றிக் கணினியை மின்கலத்தில் ஓட்டினான். முரல்வு குறையும் திசையைத் தேடி நாற்காலியோடு திரும்பினான். ஈற்றில் கதவை நோக்கி அமர்ந்தபோது அது பெரிதும் ஒடுங்கிற்று. உள்ளீட்டைப் போதிய அளவு உயர்த்தி, மென்பொருளின் பெருக்கத்தைக் குறைத்தான். 40 டெசிபல் பெருக்கம் என்பது வோல்ற்றளவில் 100 மடங்கு. அது இசையோடு இரைச்சலையும் பெருக்கும். எஞ்சியதற்கு 'இரைச்சல் வாயில்' போதுமாயிற்று. ஒலி குறித்த அளவுக்குக் கீழே தாழும்போது அவ்வாயில் மூடிக்கொள்ளும்.

அதே வாயிலைத்தான் பின்னர் தன் அப்பாயியின் தாலாட்டுக்கும் அவன் இட்டான். தோட்டத்துப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்து அச்சேற்றினார், அப்பணி பெரிது. எனினும் மூச்சு எங்கே நின்றது என்பதை அச்சு காட்டாது. ஒலிவாங்கியோ கிற்றாரைப் போலச் செவிடன்று. மழை, விசிறி, பக்கத்துக் காம்பிராவின் இருமல் யாவும் பாட்டோடு உள்ளே வந்தன. வாயிலை இட்டதும் இடைவெளிகள் தூய்மையாயின. கூடவே அடிகளின் ஈற்றில் கிழவியின் குரல் தேய்ந்து மறையும் இழையும், அடுத்த அடிக்கு அவர் இழுக்கும் மூச்சும் அறுந்துபோயின. கேட்ட தாய், "இது அப்பாயி பாடுன மாதிரி இல்லையே தம்பி" என்றாள்.

அவன் வாயிலை நீக்கினான். தை பிறந்து மழை ஓய்ந்த ஒரு முற்பகலில், பெரியவர்கள் மலைக்குப் போய் லயம் வெறிச்சோடியிருந்த வேளையில், அப்பாயியை மறுபடியும் பாடச் சொன்னான். பதிவு தெளிவாக அமைந்தது. ஆனால் மழைநாளில் பாடிய இரண்டு அடிகள் அன்று அவருக்கு நினைவுக்கு வரவில்லை. இரு பதிவுகளும் அவன் கணினியில் உள்ளன.