ஒரே நடையில் ஏற்றிய நெல்



தஞ்சையிலிருந்து குடந்தை செல்லும் சாலையில் அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி ஆகிய ஊர்களைக் குறுவை அறுவடைக் காலத்தில் கடந்தவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். நெல்லைக் குவியலாக ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர்கள் வாய்க்கால் கரையோரமாகக் கொள்முதல் நிலையத்தை நோக்கி ஊர்ந்து செல்லும். சில வண்டிகளில் பக்கப் பலகையின் மீது இன்னொரு பலகையை நிறுத்தி, அதற்கும் மேலே நெல் குவிந்திருக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய வண்டி ஒன்றில் நம்முடைய நெல்லும் சென்றது.

அத்தா விட்டுச்சென்ற இரண்டு ஏக்கரில் அந்த ஐப்பசியில் அறுவடை இயந்திரம் இறங்கியபோது வானம் கறுத்திருந்தது. டிராக்டர் ஓட்டும் தம்பி, பக்கத்துத் தெருவைச் சேர்ந்த இளைஞர், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பாய், ரெண்டு நடையா அடிச்சிடுவோம். ஒரே நடைக்கு இது தாங்காது” என்றார். இரண்டாவது நடைக்கு 700 ரூபாய் கூடுதல் வாடகை. அதற்குள் மழை வந்தால் நெல் நனையும். “ஒரே நடையில் முடித்துவிடு தம்பி, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்றோம். ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பின்பு தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் திர்மிதீயிலிருந்து எடுத்து ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லும் நாவுதான் இதையும் சொன்னது.

வாய்க்கால் பாலத்தின் மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் லேசாகத் தூக்கின. இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ள, டிராக்டர் குறுக்கே திரும்பி, டிரெய்லரின் ஒரு சக்கரம் கரையை விட்டு இறங்கியது. பாதி நெல் தண்ணீரில் போயிற்று. தம்பி குதித்ததில் கணுக்கால் முறிந்தது. தண்ணீரில் போனவர் எவரும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் அமர்ந்து கணக்கிட்டோம். பத்து அடி நீளம், ஆறு அடி அகலம், இரண்டு அடி உயரமுள்ள பெட்டியில் சுமார் 3.4 கன மீட்டர் நெல் கொள்ளும். ஒரு கன மீட்டர் நெல் ஏறத்தாழ 550 முதல் 600 கிலோ என்பதால் அது இரண்டு டன்னை ஒட்டி நிற்கும். பலகையை நிறுத்தி உயரத்தை நான்கு அடியாக்கினால் நான்கு டன். மூட்டையாக இருந்தால் எண்ணியாவது பார்த்திருப்போம். இயந்திரத்தின் குழாயிலிருந்து கொட்டும் நெல்லைக் கண்ணளவில்தான் பார்க்கிறோம், ஈர நெல்லோ கண்ணுக்குத் தெரியாமலே கனக்கும். அந்த டிரெய்லரின் பதிவுச் சான்றிதழில் வெற்று எடை 1,000 கிலோ, சுமையுடன் 4,000 கிலோ என்று எழுதியிருந்தது. அதாவது மூன்று டன்தான் அனுமதி. அந்தத் தாளை நாம் அதற்கு முன் கேட்டதே இல்லை.

டிராக்டரின் எடையே இரண்டு டன் அளவுதான். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. நம் பகுதி டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே இல்லை. ஐந்து டன் பின்னாலிருந்து தள்ள, இரண்டு டன் முன்னால் நின்று தடுக்க வேண்டும். இழுக்கும் வலிமை இஞ்சினுக்கு இருப்பதைக் கண்டு, நிறுத்தும் வலிமையும் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். மேலும், வயலில் சட்டெனத் திரும்புவதற்காக டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பிரேக் மிதிகள் உள்ளன. சாலைக்கு வரும்போது அவ்விரண்டையும் கொக்கியால் இணைக்க வேண்டும். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுழலும். அன்று கொக்கி போடப்பட்டிருந்ததா என்று தம்பியிடம் நாம் கேட்கவில்லை. கேட்டால் பழியை அவர் மீது தள்ளுவதாகிவிடும் என்று தோன்றியது.

அந்த ஆண்டே ஹிதாயா பாடத்தில் இஜாரா, அதாவது வாடகை பற்றிய அத்தியாயம் வந்தது. ஹிஜ்ரி 593-இல் வஃபாத்தான இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் அந்த நூலை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். குறிப்பிட்ட அளவு கோதுமை ஏற்றுவதாகச் சொல்லி ஒரு பிராணியை வாடகைக்கு எடுத்தவர் அதைவிட அதிகம் ஏற்றி, அது இறந்துபோனால், கூடுதல் சுமையின் விகிதத்திற்கு ஏற்ப ஈடு தர வேண்டும். அத்தகைய பிராணி தாங்கவே இயலாத சுமையாக இருந்தால் முழு விலையையும் தர வேண்டும். இன்னொரு சட்டம் இதைவிட நுட்பமானது. பஞ்சு ஏற்ற வாடகைக்கு எடுத்துவிட்டு அதே எடைக்கு இரும்பு ஏற்றக் கூடாது; பஞ்சு முதுகில் பரவி அமரும், இரும்போ ஓரிடத்தில் குவிந்து அழுத்தும். இரட்டைச் சக்கர டிரெய்லரில் சுமை முன்னால் குவிந்தால் கொக்கியை அழுத்தி டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்கும். பின்னால் குவிந்தால் கொக்கியையே மேலே தூக்கிப் பின்சக்கரத்தின் பிடியைக் குறைக்கும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மத்திய ஆசியாவில் எழுதப்பட்ட நூலில் நம் வாய்க்கால் பாலத்தைப் பார்த்தது போலிருந்தது.

டிராக்டர் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவன், “ஹஜ்ரத், ஓட்டுபவரே ஏற்றியிருந்தால் யார் மீது பொறுப்பு?” என்று கேட்டான். வாகனத்தின் சொந்தக்காரரே தம் கையால் ஏற்றினால் வாடகைக்கு எடுத்தவர் மீது ஈடு இல்லை என்று பிற்கால ஹனஃபி நூல்களில் உள்ளது. அதைச் சொன்னோம். சொல்லும்போதே குரல் தடுமாறியது. நம் வண்டியில் ஏற்றியது எவருடைய கை? இயந்திரத்தின் குழாய் கொட்டியது, தம்பி பார்த்து நின்றார், நாம் வரப்பிலிருந்து “இன்னும் கொஞ்சம்” என்று கைகாட்டினோம்.

நாட்டுச் சட்டம் இந்த இடத்தில் நம்மைத் தப்பவிடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு அளவுக்கு மீறிய எடையுடன் வண்டியைச் செலுத்துபவரை மட்டுமன்றி, செலுத்தச் செய்பவரையும், செலுத்த அனுமதிப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

டிரெய்லரின் அச்சு மாற்றிய செலவை முழுமையாகக் கொடுத்தோம். தாங்க இயலாத சுமை என்றே நம் கணக்கு முடிந்தது. ஆனால் அந்த அத்தியாயம் பிராணியின் விலையைச் சொல்கிறதே தவிர, கணுக்காலை எந்த விகிதத்தில் பிரிப்பது என்று சொல்லவில்லை. மருத்துவச் செலவுக்குப் பணம் எடுத்துச் சென்றபோது தம்பியின் தாயார், “பாய் மேல என்ன தப்பு, மழை செஞ்ச வேலை” என்றார். பணத்தை வாங்கிக்கொள்ளச் செய்வதற்கே மூன்று முறை செல்ல வேண்டியிருந்தது. அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டதும், உரிமையாளர் தன்னைப் பட்டினி போட்டு அளவின்றி வேலை வாங்குவதாக முறையிட்டதும் அபூதாவூதில் உள்ளது. அந்த ஒட்டகமாவது முறையிட்டது. அந்தத் தாயார் முறையிடவே இல்லை.

சென்ற குறுவையிலும் அவரே வண்டி ஓட்டினார். நடையில் சிறு சாய்வு இருக்கிறது. மேல் பலகை வைக்கவில்லை. பெட்டியின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே கோடு போட்டு, அதுவரை மட்டும் நிரப்பினோம். முதல் நடை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் நடையை மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டியதால் எடை போட மறுத்துவிட்டார்கள். நான்கு நாள் களத்தில் தார்ப்பாயை விரிப்பதும் மூடுவதுமாகக் காத்திருந்தோம். வீட்டில், “ஒரே நடையில் போயிருந்தால் இந்த அலைச்சல் இருந்திருக்காது” என்றார்கள். உண்மைதான், இருந்திருக்காது. காலி வண்டியில் திரும்பும்போது பாலத்திற்கு முன்பாகத் தம்பி வண்டியை நிறுத்தி, குனிந்து பிரேக் கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சிறிய கியருக்கு மாற்றி மேட்டில் ஏற்றினார்.